தங்கை மகளின் பிள்ளைக்கு நான் ஞானத்தாயாக நிற்கலாமா?

கடிதம் எழுதியவர் குமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த பெண்மணி. வயது 56. பங்குக் கோயிலில் இருபது வருடத்துக்கு மேலாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறார். தெருவின் அன்பியத்துக்கு, அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற குழுவுக்கு, பொறுப்பாளரும் அவர்தான். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

கணவனை இழந்த தங்கைக்கு ஒரே மகள். 27 வயது, பெங்களூரில் நர்ஸ். அங்கே ஒருவர் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னதை நம்பியிருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம் ஆனபோதுதான் அவருக்கு ஏற்கெனவே மனைவியும் பிள்ளைகளும் இருப்பது தெரிந்திருக்கிறது. அதோடு ஆள் போனை எடுப்பதையும் நிறுத்திவிட்டார். குழந்தைக்கு இப்போது ஐந்து மாதம், ஆண் குழந்தை. இரண்டு மாதத்துக்கு முன்னால் தாயும் பிள்ளையும் ஊருக்கு வந்துவிட்டார்கள்.

"ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருகிறாள். நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போகும்போது பிள்ளையின் சாக்ஸைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொள்கிறாள். சாக்ஸ் கழன்றிருக்காது. எனக்குத் தெரியும்" என்று எழுதியிருக்கிறார் இந்தப் பெரியம்மா.

பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவேண்டும், அதில் பிள்ளையின் விசுவாசத்துக்குத் துணையிருக்கும் ஞானத்தாயாகப் பெரியம்மாதான் நிற்கவேண்டும் என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். பங்குப் பேரவையில் இருக்கும் ஒரு பெரியவர், ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் அவள் பீடத்துக்கு முன்னால் வந்து ஊரறிய மன்னிப்புக் கேட்கட்டும், அப்புறம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசலாம் என்கிறார். கடிதம் எழுதியவரின் தம்பிக்கு வேறு யோசனை. அவர் மனைவி வழியில் பிள்ளையில்லாத ஒரு தம்பதி இருக்கிறார்கள். பத்திரம் எழுதிக் குழந்தையை அவர்களிடம் கொடுத்துவிடலாம், பிறப்புச் சான்றிதழிலும் அவர்கள் பெயரையே போட்டுக்கொள்ளலாம், பெண்ணுக்கு வெளியூரில் மாப்பிள்ளை பார்க்கலாம் என்பது அவர் கணக்கு.

"நான் ஞானத்தாயாக நின்றால் அந்தப் பாவத்துக்குத் துணைபோனதாக ஆகாதா? ஆண்டவரே 'இனிப் பாவம் செய்யாதே' என்றுதானே சொன்னார்? என்னிடம் படிக்கிற பெண்பிள்ளைகள் இதைப் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்? முறைதவறிப் பிறந்த பிள்ளை பின்னாளில் விரும்பினாலும் சாமியாராக (குருவாக) முடியாது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறார். நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: "ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை அம்மா பக்கத்தில் போட்டுவிட்டுக் கடற்கரையில் போய் உட்காருகிறாள். கேட்டால் காற்று வாங்க என்கிறாள்."

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால் நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த இரண்டு மணி

ஐந்து மாதக் கைக்குழந்தை உள்ள பெண், இரவில் எழுந்து தனியாகக் கடற்கரைக்குப் போவதைக் காற்று வாங்குவதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்களும் எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரசவத்துக்குப் பிறகான மனச்சோர்வு முதல் சில வாரத்தோடு முடிகிற விஷயம் என்று நினைக்கிறோம். குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை எப்போது வேண்டுமானாலும் அது தலைகாட்டும். ஏமாற்றப்பட்டு, வேலையும் விட்டு, ஊர்வாய்க்கு நடுவில் பிள்ளை வளர்ப்பவளுக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அவள் நர்ஸ் என்பதால் தன்னைப் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடவேண்டாம். மற்றவர் நாடி பிடிக்கத் தெரிந்தவர்கள் தங்கள் நிலையை மறைப்பதிலும் கெட்டிக்காரர்கள்.

இன்று இரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள். "செத்துப்போயிடலாம்னு தோணுதா மக்களே?" என்று அதே வார்த்தைகளில் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கிற எண்ணத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தது என்ற ஆறுதல்தான் வரும். "ஆமாம்" என்றாலோ, பதில் சொல்லாமல் அழுதாலோ அவளைத் தனியே விடாதீர்கள். மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் அதற்குப் பிரிவு உண்டு. ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலோ, தமிழக அரசின் 104-லோ எந்த நேரமும் பேசலாம், கட்டணம் கிடையாது. தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மருந்துகளும் இருக்கின்றன. ஞானஸ்நானம் இரண்டு வாரம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. இது தள்ளிப்போகக் கூடாது.

ஃபாதரிடம் யார் கேட்டீர்கள்?

உங்கள் கடிதம் ஆறு பக்கம். பேரவைப் பெரியவர் சொன்னது இருக்கிறது, தம்பி சொன்னது இருக்கிறது, அன்பியத்தில் இரண்டு பேர் முணுமுணுத்ததுகூட இருக்கிறது. பங்குத்தந்தை என்ன சொன்னார் என்பது எங்கேயும் இல்லை. "ஃபாதர் ஒத்துக்கொள்ள மாட்டார்" என்று ஓரிடத்தில் வருகிறது, அவ்வளவுதான். யாருமே போய்க் கேட்கவில்லை என்று தெரிகிறது. இருபது வருடத்துக்கு மேல் கோயில் வேலை செய்தவர் நீங்கள். கேட்க உங்களைவிடத் தகுதியான ஆள் யார்?

சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 868-ஆவது பிரிவு குழந்தை ஞானஸ்நானத்துக்கு இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. பெற்றோரில் ஒருவராவது சம்மதிக்கவேண்டும். பிள்ளை கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நம்பிக்கை இருக்கவேண்டும். தாய் தாலி கட்டியவளா என்று அதில் இல்லை. ஐந்து மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, இத்தனை கண்களுக்கு நடுவில் வாராவாரம் பூசைக்கு வருகிறவளிடம் அந்த நம்பிக்கைக்கு வேறென்ன சான்று வேண்டும்? கல்யாணமாகாத தாயின் பிள்ளையை ஞானஸ்நானப் பதிவேட்டில் எப்படி எழுதுவது என்பதற்கே 877-ஆவது பிரிவு தனியாக வழி சொல்கிறது. அவள் தாய் என்பது வெளிப்படையாகத் தெரிந்திருந்தாலோ, அவளே எழுத்தில் கேட்டாலோ தாயின் பெயர் பதிவாகும். தகப்பன் பெயருக்கு அரசுச் சான்று வேண்டும், அல்லது அவரே வந்து பங்குத்தந்தை முன்பும் இரண்டு சாட்சிகள் முன்பும் ஒப்புக்கொள்ளவேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த இடம் காலியாக இருக்கும். பதிவேட்டில் இடம் ஒதுக்கி வைத்திருக்கும் திருச்சபை, கோயிலுக்குள் இடம் ஒதுக்காதா?

பிள்ளை சாமியாராக முடியாது என்று உங்களிடம் சொன்னவர் பழைய கதையைச் சொல்லியிருக்கிறார். 1917-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில் அப்படி ஒரு தடை இருந்தது உண்மை. 1983-இல் வந்த இப்போதைய தொகுப்பில் அது இல்லை. நாற்பது வருடத்துக்கு முன்னால் எடுத்துவிட்ட சட்டம் நம் திண்ணைகளில் மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் இந்த விஷயத்தைத் திரும்பத் திரும்பப் பேசியவர். புவெனோஸ் ஐரெஸில் கர்தினாலாக இருந்தபோதே, 2012-இல், கல்யாணமாகாத தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்த குருக்களை வெளிவேடக்காரர்கள் என்று கண்டித்தார். திருத்தந்தையான பிறகு, 2013 மே மாதக் காலைப் பூசை ஒன்றில் மறுபடி அதையே எடுத்தார். கருவைக் கலைக்காமல் பெற்றெடுக்கிற துணிவோடு ஒரு பெண் கோயிலுக்கு வருகிறாள், மூடிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறாள் என்று வருத்தப்பட்டார். திருவருட்சாதனங்கள் ஏழு, நாமாக எட்டாவதாகச் சுங்கச்சாவடி ஒன்றைப் போட்டுவிட்டோம் என்ற பொருளில் பேசினார். சுங்கச்சாவடி என்றதும் எனக்கு மத்தேயு ஞாபகம் வருகிறார். ஆண்டவர் கூப்பிட்டதும் சாவடியை விட்டு எழுந்து போனவர் அவர். அவர் காலி செய்த நாற்காலியில் நாம் போய் உட்கார்ந்துகொண்டோம்.

நற்கருணை விஷயத்துக்கும் பதில் இருக்கிறது. தனித் தாய்மார் பயத்தாலும் ஊராரின் கடுமையாலும் நற்கருணை வாங்காமல் ஒதுங்கியிருப்பதைப் பற்றி டொமினிக்கன் குடியரசின் ஆயர் ஒருவர் கவலைப்பட்டு எழுதினார். 2023 டிசம்பரில் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுத் துறை அவருக்குப் பதில் எழுதியது. மற்ற எந்தக் கத்தோலிக்கரையும் போல இவர்களும் குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்கலாம், அவர்களைத் தடுக்கக் கூடாது, ஊக்கப்படுத்தவேண்டும் என்பதே அதன் சாரம். உங்கள் தங்கை மகள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்தச் சாக்ஸ் அதற்குப் பிறகு தானாகச் சரியாகிவிடும்.

ஊர் முன் மன்னிப்பு

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

ஆரம்பகாலத் திருச்சபையில் பகிரங்கத் தவமுயற்சி இருந்தது. ஆனால் தவம் செய்கிறவர்களின் பாவங்களை எழுதி வைத்து ஊரறிய வாசிக்கும் வழக்கத்தைத் திருத்தந்தை முதலாம் லியோ 459-இலேயே தடுத்துவிட்டார். குருவிடம் இரகசியமாகச் சொன்னால் போதும் என்றார். உங்கள் பேரவைப் பெரியவர் கேட்பது, ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பாப்பரசர் கைவிடச் சொன்னதை. அவள் பாவசங்கீர்த்தனத்தில் என்ன சொல்கிறாள் என்பது அவளுக்கும் கடவுளுக்கும் இடையில். கேட்ட குருவே வெளியில் மூச்சுவிடக் கூடாது என்பது சட்டம். பேரவைக்கு அங்கே என்ன வேலை?

என் சிறுவயதில், எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றில் இப்படி நடந்து பார்த்திருக்கிறேன். மூன்று ஞாயிறு அந்த அக்கா வாசல்படிக்கு உள்பக்கம் முட்டுப்போட்டு நின்றாள். நான் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசை. அங்கிருந்து பார்த்தால் அவள் முந்தானையைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பது தெரியும். நாங்கள் இரக்கத்தைப் பற்றிய பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தோம். நன்றாகத்தான் பாடினோம். நாலாவது ஞாயிறு அவளை உள்ளே சேர்த்துக்கொள்வதாக இருந்தார்கள். அவள் வரவில்லை. அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் வரவில்லை. அவளோடு இருந்த ஆண், அந்த மூன்று ஞாயிறும் காணிக்கைத் தட்டு பிடித்தார்.

இதனால்தான் உங்கள் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஆறு பக்கத்தில் அவளைப் பற்றிப் பாவம், தப்பு, கெட்ட பெயர் என்று பலமுறை வருகிறது. அந்த ஆளைப் பற்றி ஒன்றரை வரி. மனைவி இருப்பதை மறைத்தவர் அவர். உங்கள் மேல் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. நம் எல்லோருடைய கையும் பழக்கத்தில் இப்படித்தான் எழுதுகிறது. யோவான் நற்செய்தி எட்டாம் அதிகாரத்திலும் அதேதான் நடக்கிறது. விபசாரத்தில் கையும் மெய்யுமாகப் பிடித்தோம் என்று பெண்ணை மட்டும் ஆண்டவர் முன்னால் இழுத்துவருகிறார்கள். மோசேயின் சட்டம், லேவியர் இருபதாம் அதிகாரம், இருவரையும்தான் தண்டிக்கச் சொல்கிறது. கையும் மெய்யுமாகப் பிடித்தவர்களுக்கு ஆணின் கையும் மெய்யும் எப்படித் தப்பியது?

வசனத்தின் முன்பாதி

"இனிப் பாவம் செய்யாதே" என்று ஆண்டவர் சொன்னார் என்கிறீர்கள். சொன்னார்தான், அதே எட்டாம் அதிகாரத்துப் பெண்ணிடம். நீங்கள் எழுதியிருப்பது வசனத்தின் பின்பாதி. நானும் உன்னைத் தீர்ப்பிட மாட்டேன் என்பது முன்பாதி. இந்த வரிசை முக்கியம். முதலில் கல்லோடு நின்றவர்களை அனுப்பிவிட்டார். அப்புறம் தீர்ப்பில்லை என்றார். அதற்கும் அப்புறம்தான் அறிவுரை. வரி வசூலித்த சக்கேயுவின் கதையும் இப்படியே. முதலில் உன் வீட்டில் தங்கப்போகிறேன் என்கிறார் ஆண்டவர். பாதிச் சொத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று சக்கேயு சொல்வது அதற்குப் பிறகு. நம் பேரவைகள் இதைத் தலைகீழாகப் போட்டிருக்கின்றன: முதலில் நீ திருந்தியதை நிரூபி, பிறகு வீட்டுக்கு வருவதைப் பார்க்கலாம்.

உங்கள் வகுப்புப் பெண்பிள்ளைகள் பற்றிய பயத்துக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. நீங்கள் மறைக்கல்வி ஆசிரியை என்பதால் இதை ரசிப்பீர்கள். இந்த எட்டாம் அதிகாரப் பகுதி, நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பழங்காலத் திருச்சபை அறிஞரான புனித அகுஸ்தினார் ஒரு காரணம் ஊகித்தார். சில ஆண்கள், இதைப் படித்தால் தங்கள் மனைவிமாருக்குத் தைரியம் வந்துவிடும் என்று பயந்து நீக்கியிருக்கலாம் என்று எழுதிவைத்தார். அவர் ஊகம் சரியா என்பதை அறிஞர்கள் வாதிடட்டும். "இரக்கம் காட்டினால் மற்றவர்களுக்குத் துளிர்விட்டுவிடும்" என்ற பயத்துக்கு ஆயிரத்து அறுநூறு வயது என்பது மட்டும் தெரிகிறது.

உங்கள் பிள்ளைகள் என்ன கற்றுக்கொள்வார்கள்? ஒருத்தி தவறினால் ஊர் என்ன செய்யும் என்பதை அவர்கள் இப்போது கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். கதவு மூடப்பட்டால் அவர்கள் கற்பை அல்ல, மறைப்பதைத்தான் கற்பார்கள். நாளைக்கு அவர்களில் ஒருத்திக்குப் பிரச்சினை வந்தால் டீச்சரிடம் வருவாளா, முகம் தெரியாத யாரிடமோ போவாளா என்பது நீங்கள் இப்போது செய்வதைப் பொறுத்தது.

அகுஸ்தினார் பெயரை எடுத்துவிட்டதால் இன்னொன்றும் சொல்கிறேன். அவருக்கே முறையான திருமணத்துக்கு வெளியே ஒரு மகன் இருந்தான். 387-ஆம் ஆண்டுப் பாஸ்கா (ஈஸ்டர்) இரவில், மிலானில், அந்த ஊர் ஆயர் புனித அம்புரோசியார் தகப்பனுக்கும் மகனுக்கும் ஒன்றாகவே ஞானஸ்நானம் கொடுத்தார். அப்போது பையனுக்குப் பதினைந்து வயதிருக்கும். அவன் பெயர் அதேயோதாத்துஸ். கடவுள் கொடுத்தவன் என்று அர்த்தம். பையனின் தாயை அதற்கு முன்பே ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் பெயரைக்கூட அகுஸ்தினார் எழுதிவைக்கவில்லை. புனிதர்களின் வீட்டிலும் கதை இப்படித்தான் போகிறது.

கொர்தோனா நகர் புனித மார்கரெட்டையும் உங்கள் வகுப்பில் சொல்லலாம். கல்யாணம் செய்யாமலே ஒன்பது வருடம் ஒரு பிரபுவோடு வாழ்ந்தவர். அந்த ஆள் கொல்லப்பட்டதும் பிள்ளையோடு அப்பா வீட்டுக்குப் போனார், சேர்க்கவில்லை. கொர்தோனாவில் இரண்டு பெண்கள்தான் தாயையும் பிள்ளையையும் தங்கள் வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டார்கள். பின்னாளில் மார்கரெட் அங்கே ஏழைகளுக்கு மருத்துவமனை தொடங்கினார், 1728-இல் புனிதர் பட்டம். அவர் பிற்பாடு ஊர் முன் மன்னிப்பும் கேட்டவர்தான். ஆனால் அது அவராகச் செய்தது, யாரும் நிபந்தனை போட்டுச் செய்யவைத்தது அல்ல.

தம்பியின் பத்திர யோசனை

நான் வக்கீல் இல்லை. ஆனால் இது அடிக்கடி என் மேஜைக்கு வருவதால் சிலதைத் தெரிந்து வைத்திருக்கிறேன்.

1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தாது. நமக்கு இருக்கிற வழி 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். முத்திரைத்தாளில் எழுதிக் கைமாற்றுகிற பிள்ளை சட்டத்தின் கண்ணில் தத்துப்பிள்ளை ஆகாது. அந்தச் சட்டத்தில் உறவினர் என்றால் குழந்தையின் தாத்தா பாட்டி, பெற்றோரின் உடன்பிறந்தவர்கள். உங்கள் தம்பி மனைவியின் சொந்தக்காரர்கள் அதற்குள் வரமாட்டார்கள், எல்லோரையும் போலப் பதிவு செய்து காத்திருக்கவேண்டியதுதான். தாயே விரும்பிப் பிள்ளையை ஒப்படைப்பதென்றாலும் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால்தான் செய்யவேண்டும். மனம் மாறினால் திரும்பப் பெற அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. தத்து ஆணையை மாவட்ட ஆட்சியர் கொடுப்பார். பிறப்புச் சான்றிதழில் வேறு தம்பதியின் பெயரை எழுதுவது பொய்த்தகவல் கொடுத்த குற்றம். அது பிள்ளை பாஸ்போர்ட் எடுக்கிற வயதிலோ, சொத்துப் பிரிக்கிற வேளையிலோ வெடிக்கும்.

இதெல்லாம் இருக்கட்டும், அவள் பிள்ளையைக் கொடுக்க விரும்புவதாக உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. ஞானஸ்நானம் கேட்கிறவள் கூடவே வைத்து வளர்க்கத்தான் கேட்கிறாள். தம்பியிடம் இதை நீங்கள்தான் சொல்லவேண்டும். அக்கா சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன்.

சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை என்பதால் அவர்களே பதிவாளருக்குத் தெரிவித்திருக்கவேண்டும். பெங்களூரில் பிறந்ததால் பதிவும் அங்கேதான் இருக்கும். முதலில் அதை விசாரியுங்கள். பதிவு ஆகியிருந்தால், பிறந்து 12 மாதத்துக்குள் பிள்ளையின் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். தகப்பன் பெயர் இல்லாமல் சான்றிதழ் தரமாட்டார்கள் என்ற பயம் வேண்டாம். 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்துவிட்டது. தனித் தாயோ கல்யாணமாகாத தாயோ விண்ணப்பித்தால், ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் கொடுக்கவேண்டும். தகப்பனுக்கு நோட்டீஸ் அனுப்பாமலே தாயைக் காப்பாளராக நியமிக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. வழக்குப் போட்டவர் யார் தெரியுமா? படித்து, வேலை பார்த்து, பிள்ளையைத் தனியாக வளர்த்த ஒரு கிறிஸ்தவப் பெண். பெயர் தெரியக்கூடாது என்பதற்காகத் தீர்ப்பில் அவரை ஏபிசி என்றே குறிப்பிட்டார்கள்.

அந்த ஆளிடம் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்கும் உரிமையும் உண்டு. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை என்பது அதற்குத் தடையில்லை, இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு அதைச் சொல்லியே வைத்திருக்கிறது. கேட்பதா, அவர் மேல் ஏமாற்றிய புகார் கொடுப்பதா, ஒன்றும் வேண்டாமென்று விடுவதா என்பது முழுக்க அவள் முடிவு. கேட்டால் அவர் பிள்ளையைப் பார்க்கும் உரிமை கோரலாம், வழக்கு நீளலாம், பழைய காயம் கிளறப்படலாம். அவசரப்படுத்தாதீர்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். மனம் கொஞ்சம் தேறிய பிறகு ஒரு தடவை அழைத்துப்போங்கள்.

நீங்கள் ஞானத்தாயாக நிற்பது

நிற்கலாம். பதினாறு வயது நிறைந்து, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்று, விசுவாச வாழ்க்கை நடத்துகிற கத்தோலிக்கர், பிள்ளையின் சொந்தத் தாய் தகப்பனாக இருக்கக் கூடாது. 874-ஆவது பிரிவு கேட்பது முக்கியமாக இவ்வளவே. ஞானத்தந்தை கிடைக்கவில்லையே என்று அலையவேண்டாம், ஞானத்தாய் ஒருவர் மட்டும் இருந்தாலும் போதும்.

பாவத்துக்குத் துணைபோவதா என்று கேட்டீர்கள். ஞானத்தாய் பிள்ளைக்காக நிற்கிறாள். இந்தப் பிள்ளை எந்தப் பாவத்தைச் செய்தது? நீங்கள் கையில் வாங்கப்போவது பால் கக்குகிற ஐந்து மாதப் பையனை. அவன் தாய் செய்ததைச் சரி என்று நீங்கள் எங்கேயும் சொல்லவேண்டியதில்லை, அவளும் உங்களிடம் அதைக் கேட்கவில்லை.

ஆனால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்ல மாட்டேன். அன்பியக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் சிலர் கொஞ்ச நாள் வராமல் இருக்கலாம். மறைக்கல்வியிலிருந்து உங்களை மாற்றச் சொல்லிப் பேரவையில் பேச்சு எழலாம். பங்குத்தந்தையை முன்னாலேயே பார்த்துவிடச் சொல்வது இதற்காகவும்தான். மாற்றுவதா வைப்பதா என்பது அவர் கையில் இருக்கிறது, பெரியவர் கையில் இல்லை. ஒருவேளை ஃபாதரே தயங்கினால் சண்டை வேண்டாம். 868-ஐயும் 2023 கடிதத்தையும் குறிப்பிட்டு, மறைமாவட்ட ஆயருக்கு எழுதலாமா என்று அவரிடமே மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும். ஊர்க் கமிட்டி தலையிட்டுத் தள்ளிவைக்கிறோம், ஊர்வரி வாங்கமாட்டோம் என்று ஆரம்பித்தால் அது வேறு விவகாரம். கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொல்லியிருக்கிறது. அந்த நிலை வந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

ஃபாதரைப் பார்க்கப் போகும்போது தம்பியையும் பெரியவரையும் கூட்டிப்போகவேண்டாம். நீங்களும் அவளும் பிள்ளையும் போதும். பூசை முடிந்த கூட்டத்தில் பேசாமல், வாரநாளில் சாயங்காலம் போங்கள். பேச்சை நீங்கள் தொடங்குங்கள், பாதியில் அவளிடம் விட்டுவிடுங்கள். அவள் வாயால் கேட்கட்டும்.

அதற்கு முன்னால் இந்த ஞாயிறு இருக்கிறது. வகுப்புப் பிள்ளைகளோடு முன்வரிசையில் உட்காருவது உங்கள் வழக்கம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த ஒரு வாரம் பிள்ளைகளைச் சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போங்கள். அவள் இன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யவில்லை, நற்கருணைக்கு எழமாட்டாள். வரிசை நகரும்போது பிள்ளையை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்குக் குனிய வேலை இருக்கக் கூடாது.